இரண்டு கார் நிற்கும் இடத்தில் பொது இருக்கை: மேடை, வடிகான், உப்புக்காற்று பற்றி ஆலோசனை வேணும்

குறுக்குத்தெரு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை நகருக்குள், மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இரண்டு கார் நிறுத்தும் இடத்தைப் பொது இருக்கையாக மாற்றக் கடைக்காரர் சிலர் யோசிக்கிறோம். பஸ்ஸுக்கு வரும் வயதானவர்களும் டியூசன் முடிந்து நிற்கும் பிள்ளைகளும் கடைப் படிகளில்தான் குந்துகிறார்கள். உட்கார வேறு இடமே இல்லை.

அளவுகள்: தார் வீதி 7 மீற்றர் அகலம். இடது பக்கம் மட்டும் வாகனம் நிறுத்தலாம். ஒரு இடம் 5.5 மீற்றர் நீளம், 2.4 மீற்றர் அகலம், ஆக இரண்டும் சேர்த்து 11 மீற்றர். நடைபாதை 1.2 மீற்றர். வடிகான் நடைபாதைக்குக் கீழே கொங்கிறீற் மூடியோடு ஓடுகிறது, கேர்ப் கல்லில் (நடைபாதை விளிம்புக் கல்) இடைக்கிடை தண்ணீர் இறங்கும் வாய் உண்டு. கேர்ப் உயரம் 15 செ.மீ. பின்னேரம் ஒரு பெரிய வாகை மரத்தின் நிழல் விழும்.

நடைபாதை மட்டத்துக்கு மேடை கட்டுவதா, தாரிலேயே வாங்கில் (பெஞ்ச்) போடுவதா? இரும்பா, மரமா? கடல் கிட்ட என்பதால் எது எத்தனை நாள் நிற்கும்? யாரிடம் அனுமதி? செடி வைத்தால் தெருவுக்குள் வரும் மான் விடுமா? தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவி.

வீதி_அளவு எழுதியது:

தம்பி, வாங்கிலைப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீரைப் பாருங்கோ. இந்த மாதிரி வேலையில் பெரும்பாலும் பிழைக்கிறது அங்கேதான்.

தார் வீதி நடுவில் உயர்ந்து கேர்ப் பக்கம் சரிந்து இருக்கும். சரிவு 100க்கு 2 முதல் 2.5. அதாவது கேர்ப்போரம் 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினாலே அது இரண்டு முதல் இரண்டரை மீற்றர் அகலத்துக்குப் பரவிவிடும். உங்கள் வாகன இடமே 2.4 மீற்றர்தான். ஆகவே ஐப்பசி தொடங்கித் தை வரை மழை இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் முழுவதும் வாய்க்கால். மேடையின் ஒவ்வொரு காலும் தண்ணீருக்குள் நிற்கப் போகுது என்று நினைத்துக்கொண்டு வரைபடம் போடுங்கோ. கால்கள் கேர்ப்புக்கு இணையாக, ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் நிற்க வேணும். கோணல்மாணலாக வைத்தால் வாகை இலையும் ஷொப்பிங் பையும் சிக்கி, தண்ணீர் நடைபாதையில் ஏறி, உங்கள் கடைக்குள்ளேயே வரும். கேர்ப்பிலிருந்து முதல் 30 செ.மீ.க்குள் கால் எதுவும் இறங்கக் கூடாது, அந்தப் பட்டி முழுக்கத் திறந்து கிடக்க வேணும். மேடைக்குக் கீழே வடிகான் வாய் வந்தால் இடத்தை நகர்த்துங்கோ. வாய் மூடிய பிறகு எந்த வடிவமைப்பும் உதவாது.

அடுத்தது, கேர்ப் 15 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே அளந்தது? பழைய தாருக்கு மேலேயே புதுக் கார்பெட் (தார்ப் படை) போட்டுப் போட்டு, நம்ம ஊர்த் தெருக்களில் 15 ஆக இருந்த கேர்ப் பல இடத்தில் 9, 10 ஆகிக் கிடக்கு. 11 மீற்றருக்குள் ஐந்து இடத்திலாவது அளவெடுங்கோ. கேர்ப்பிலிருந்து 2 மீற்றர் தள்ளி வீதி எவ்வளவு உயர்ந்திருக்கு என்பதையும் நூல் பிடித்து, நீர்மட்டம் வைத்துப் பாருங்கோ. 4 முதல் 5 செ.மீ. வரும். மேடையின் வெளி விளிம்பில் கீழே எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

இடத்தைப் பொறுத்தவரை: வாகனங்கள் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத தெருவாக இருக்க வேணும். சந்தியிலிருந்து குறைந்தது ஒரு கார் இடமாவது தள்ளி இருக்க வேணும், இல்லாவிட்டால் திரும்பும் லொறியின் பின்சில்லு மேடையில் ஏறும். தண்ணீர் வால்வு மூடி, தொலைபேசிக் குழி மூடி, ஓட்டோத் தரிப்பிடம், பஸ் நிற்கும் இடம் எதன் மேலும் கை வைக்காதீர்கள். ஓட்டோ அண்ணைமாரின் இடத்தை எடுத்தால் முதல் நாளே திட்டம் முடிந்த மாதிரி. அதில் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

நீளத்துக்கு வருவோம். இரண்டு பக்கமும் அடுத்த கார் பின்னெடுக்கும்போது இடிக்காமல் இருக்க, மேடையிலிருந்து 1.2 மீற்றர் தள்ளிச் சில்லுத் தடை வைக்கச் சொன்னது சன் பிரான்சிஸ்கோ நகரத்தின் பழைய கையேடு (அதில் 4 அடி என்று எழுதியிருந்தது). ஒரு கார் இடத்தில் இதைக் கழித்தால் மூன்று மீற்றர்தான் மிஞ்சும், அதில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் நெடுக்காக நிறுத்தும் தெருவில் இரண்டு இடம் சேர்த்து எடுக்கிறது. உங்கள் 11 மீற்றருக்கு 7.5 மீற்றர் மேடை, ஒவ்வொரு முனையிலும் 1.75 மீற்றர் வெளி என்று பிரியுங்கோ. அகலம் 2 மீற்றருக்கு மேல் போக வேண்டாம், மிச்ச 40 செ.மீ. ஓடும் வாகனத்துக்கும் மேடைக்கும் நடுவில் இருக்கட்டும்.

இந்த எண்ணம் பிறந்ததே அந்த நகரத்தில்தான். 2005இல் ரீபார் என்ற வடிவமைப்புக் குழு ஒரு பார்க்கிங் மீற்றரில் காசு போட்டு, காருக்குப் பதிலாக இரண்டு மணித்தியாலம் புல்லும் ஒரு வாங்கிலும் ஒரு மரமும் வைத்தது. 2010இல் அந்த நகரமே அனுமதி கொடுத்து நீண்ட நாள் நிற்கும் ‘பார்க்லெட்’ கட்டத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் அப்போது கட்டாயமாக இருந்த ஒன்றை இங்கேயும் பிடித்துக்கொள்ளுங்கோ: பக்கத்துக் கடை செலவழித்தாலும் இருக்கை பொதுச்சொத்து. தேத்தண்ணி வாங்காதவரை எழுப்பக் கூடாது. ‘பொது இருக்கை, யாரும் அமரலாம்’ என்று மூன்று மொழியிலும் பலகை வைக்க வேணும்.

அனுமதி: முதலில் வீதி யாருடையது என்று கண்டுபிடியுங்கோ. ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி தரம் மாகாண வீதித் திணைக்களம். மற்ற உள்வீதிகள் உள்ளூராட்சி சபை. குறுக்குத் தெரு என்றால் அநேகமாகச் சபைதான், ஆனாலும் எழுத்தில் உறுதிப்படுத்துங்கோ. பிறகு போக்குவரத்துப் பொலிஸ். கடிதத்தோடு அளவு குறித்த வரைபடம், மூடிகளும் வடிகான் வாய்களும் காட்டிய படம், இரு பக்கமும் எதிரேயும் உள்ள கடைக்காரர் கையொப்பம், யார் கூட்டுவது என்ற பட்டியல், கேட்டால் 48 மணித்தியாலத்துக்குள் அகற்றித் தருவோம் என்ற உறுதி, எல்லாம் இருந்தால் மேசையில் நிற்காது. வாகனக் கணக்கும் வையுங்கோ: அரை மணிக்கு ஒருக்கால் எந்த இடத்தில் எந்த இலக்கத் தகடு நிற்கிறது என்று குறித்தால் போதும். ஒரு சாதாரண நாள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு. பல தெருக்களில் காலையில் நிற்கும் கார் கடைக்காரருடையதாகவே இருக்கும், மாலை வரை அசையாது. அது தெரிந்தால் ‘வாடிக்கையாளர் இடம் போகுது’ என்ற பயம் பாதி குறையும்.

வெல்டிங்_பட்டறை எழுதியது:

மேலே அண்ணன் சொன்ன தண்ணீர்க் கணக்குக்கு ஏற்ற மாதிரி மேடையின் இரும்புச் சட்டத்தைச் சொல்றன்.

7.5 மீற்றரையும் ஒரே சட்டமாக ஒட்டாதீங்க. 2 மீற்றருக்கு 1.5 மீற்றர் அளவில் ஐந்து துண்டு. 50×50×3 மி.மீ. ஜீ.ஐ. பொக்ஸ் பார் (நாகம், அதாவது சிங்க் பூசிய சதுர இரும்புக் குழாய்). ஒவ்வொரு துண்டிலும் வீதிக்குக் குறுக்காக 2 மீற்றர் பார் ஐந்து, அவற்றுக்கு இடையில் 31 செ.மீ. துண்டுகள் 12, மூன்று வரிசையாக. எல்லாம் ஒரே மட்டத்தில் ஒட்ட வேணும், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் உயரம் பத்தாது. வரிசைகள் கேர்ப்பிலிருந்து 30, 110, 190 செ.மீ. தூரத்தில். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கால், ஆக ஒரு துண்டுக்கு 9, மொத்தம் 45 கால்.

20 அடிப் பாரில் 2 மீற்றர் மூன்று வெட்டலாம். கணக்குப்படி 12 பார், ஒன்று கூட எடுத்து 13 வாங்குங்க. ஒரு சட்டம் கிட்டத்தட்ட 60 கிலோ, பலகை அடித்த பிறகு 110.

ஏன் இவ்வளவு கால்? ஆட்கள் நெருக்கி நிற்கும் இடத்துக்குச் சதுர மீற்றருக்கு 500 கிலோ என்று பிடிக்க வேணும். ஒரு துண்டு 3 சதுர மீற்றர், அதாவது ஒன்றரைத் தொன். நடுவில் கால் இல்லாமல் 2 மீற்றருக்கு அந்தப் பாரை விட்டால் உடையாது, ஆனால் ஒரு செ.மீ. அளவுக்குத் தொய்ந்து துள்ளும். துள்ளும் மேடையில் வயதானவர்கள் இரண்டாம் தரம் ஏற மாட்டினம்.

கால் என்பது 16 மி.மீ. மரைக்கம்பி. நட்டைப் பாரின் அடியில் ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்டுங்க. காரணம் இருக்கு: கேர்ப் 15 செ.மீ., சட்டமும் 25 மி.மீ. பலகையும் சேர்த்து 7.5. கேர்ப்போரம் கீழே 7.5 மிஞ்சும். ஆனால் வீதி நடுப்பக்கம் உயருவதால் வெளி விளிம்பில் மிஞ்சுவது 3 செ.மீ. தான். அதற்குள் நட்டும் தட்டும் ரப்பரும் அடங்காது. மேடையை வெளிப்பக்கம் 2 செ.மீ. தூக்கிவிடுங்க. 100க்கு 1 சரிவு, இருப்பவருக்குத் தெரியாது, சக்கர நாற்காலிக்கும் 100க்கு 2 வரை சரி. வெளி விளிம்பில் 5 செ.மீ. கிடைக்கும், மேலே விழும் மழையும் கேர்ப் பக்கம் போகும். கம்பியின் மேல்முனையில் கிரைண்டரால் ஒரு வெட்டுப் போட்டு, அதற்கு நேரே பலகையில் 20 மி.மீ. துளை விட்டால் மேலே நின்றே ஸ்குரூடிரைவரால் உயரம் சரிபார்க்கலாம். மழைக்காலம் முடிய எப்படியும் ஒருக்கால் சரிபார்க்க வேண்டி வரும்.

வெறும் கம்பியைத் தாரில் ஊன்றாதீங்க. ஒரு காலுக்கு 170 கிலோ வரை வரும், 16 மி.மீ. கம்பி அதைச் சதுர சென்ரிமீற்றருக்கு 85 கிலோவாக அழுத்தும். சித்திரை வெயிலில் இளகின தாருக்குள் ஆணி மாதிரி இறங்கும். 100×100×6 மி.மீ. தட்டு ஒட்டி, கீழே பழைய லொறி ரயர் ரப்பர் வைத்தால் அது 1.7 கிலோ ஆகிவிடும். தாரைத் துளைத்துப் போல்ட் அடிக்க வேண்டாம், துளை வழியே தண்ணீர் இறங்கி வீதி பெயரும், அனுமதியும் பறிபோகும். மேடை தன் பாரத்திலேயே நிற்கும்.

துருப் பிடிக்கிறது பற்றி. ஜீ.ஐ. பார் என்றாலும் ஒட்டிய இடத்தில் நாகப் பூச்சு எரிந்து போகும். கடற்காற்றில் முதலில் துரு கிளம்புவது அந்த ஒட்டுகளில்தான். சட்டம் முழுவதையும் ஒட்டி முடித்து, உருகிய நாகத்தில் முக்கி எடுப்பதுதான் சரியான வழி. அதற்குப் பெரும்பாலும் வெளியூருக்கு அனுப்ப வேண்டி வரும், பாரின் இரு முனையிலும் காற்றுப் போகத் துளை வைக்க வேணும், மூடின பார் கொதிதொட்டியில் வெடிக்கும். அது முடியாவிட்டால் ஒட்டுகளைப் பளபளப்பாகத் தேய்த்து, அன்றைக்கே சிங்க் பிரைமர், பிறகு எபொக்சி இரண்டு பூச்சு. தேய்த்துவிட்டு அடுத்த நாள் பூசலாம் என்று வைக்காதீங்க, இராத்திரி உப்புக் காற்றிலேயே மெல்லிய துரு ஏறிவிடும், அதற்கு மேல் பூசினால் ஆறு மாதத்தில் பொருக்கு விடும். முக்காமல் பூச்சு மட்டும் அடிப்பது என்றால் பாரின் இரு முனையையும் தகடு வைத்து முழுக்க ஒட்டி மூடுங்க. உள்ளே ஈரம் போனால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ற் புதுசாகவே இருக்கும், ஒரு நாள் கால் உள்ளே போகும்.

போல்ட், ஸ்குரூ எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ். 304 கடல்பக்கத்தில் தேத்தண்ணிக் கறை மாதிரிப் பிடிக்கும். பெரிய ஜீ.ஐ. சட்டத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம், நைலோன் வொசர் வைத்து. தலைகீழாகச் செய்தால், ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஜீ.ஐ. ஸ்குரூ போட்டால், ஸ்குரூ கரைந்தே போகும்.

பலகை: 100 மி.மீ. அகலம், 25 தடிப்பு, இடைவெளி 6 மி.மீ. வீதியின் நீளத்துக்கு ஓட வேணும், அப்போதுதான் நடைபாதையிலிருந்து வரும் சக்கரம் இடுக்கில் விழாது. ஒரு துண்டுக்கு 19 பலகை, மொத்தம் 143 மீற்றர், கழிவோடு 155. ஸ்குரூ ஆயிரம். தேக்குக் கிடைத்தால் தேக்கு. பனை வைரம் கடல்பக்கத்தில் நல்லா நிற்கும், விலையும் தாங்கும், ஆனால் சிலாம்பு ஏறும். மேடைக்கு நன்றாகச் சீவிப் போடலாம், இருக்கைக்கும் கைபிடிக்கும் வேண்டாம். கேர்ப்போர மூன்று பலகையை மட்டும் தனிச் சட்டத்தில் அடித்துக் கழற்றும்படி வையுங்க, அந்த 30 செ.மீ. வழியாகத்தான் குப்பை எடுக்க வேணும். கேர்ப்புக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, ஊன்றுகோல் முனை சிக்கும். உயர வித்தியாசம் 6 மி.மீ.க்குள்.

நிலமட்டம் எழுதியது:

மேலே இரண்டு பேரும் நல்ல விபரம் தந்திருக்கிறார்கள். ஆனாலும் நேரடியாக மேடையில் இறங்க வேண்டாம் என்பதுதான் எனது கருத்து. 13 பாரும் ஆயிரம் ஸ்குரூவும் வாங்கிய பிறகு ‘இந்த இடம் சரியில்லை’ என்று தெரிந்தால் யாரும் கழற்ற மனம் வைக்க மாட்டார்கள். தவறான இடத்தில் நிற்கும் மேடை மற்ற எல்லா இடத்துக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும்.

மாசி பிறந்து மழை ஓய்ந்ததும் தார் மட்டத்திலேயே ஆறு கிழமைக்கு வைத்துப் பாருங்கள். வீதியில் வெள்ளைக் கோடு, முனைக்கு இரண்டாக நாலு கிணற்று வளையம் (மூன்றடி விட்டம், ஒன்றரை அடி உயரம்), வெளி விளிம்பில் கயிறோ மரச்சட்டமோ, உள்ளே முதுகு சாயும் வாங்கில் மூன்று. வாங்கிலின் முதுகு வீதிப் பக்கம், முகம் நடைபாதைப் பக்கம். வாங்கில் உயரமும் ஆழமும் 45 செ.மீ., ஆளுக்கு அரை மீற்றர். 2 மீற்றர் வாங்கில் மூன்றில் 12 பேர் இருக்கலாம். ஒரு பக்கமாவது கைபிடி வேண்டும், முழங்கால் வலி உள்ளவர் எழும்ப அதுதான் துணை.

அந்த ஆறு கிழமையில் பார்க்க வேண்டியது: எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எந்த முனையில் மோட்டார் சைக்கிளைச் செருகுகிறார்கள், பொருள் இறக்கும் லொறி எங்கே நிற்கிறது. முனை வெளியில் மோட்டார் சைக்கிள் நிச்சயம் வரும். வளையங்களுக்கு இடையிலும், வளையத்துக்கும் மேடைக்கும் இடையிலும் 40 செ.மீ.க்கு மேல் விடாவிட்டால் ஹாண்டில் நுழையாது. வாகனம் வரும் பக்க முனைதான் ஆபத்து. அந்தப் பக்கத்து வளையங்களில் சிவப்பு வெள்ளை ரிஃப்ளெக்டர், சில்லுத் தடையில் மஞ்சள் பூச்சு. இருட்டில் கறுப்பு வளையம் தெரியாது, வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தார் மட்டத்தில் சக்கர நாற்காலி இறங்க முடியாது. 15 செ.மீ. கேர்ப்புக்கு 12க்கு 1 சரிவு என்றால் 1.8 மீற்றர் சாய்தளம், அது நடைபாதையில் கொள்ளாது. நிரந்தரமாக வைப்பதென்றால் மேடைதான் சரி. மேடையில் 75க்கு 120 செ.மீ. வெற்றிடம் ஒன்று வாங்கில் வரிசைக்குள்ளேயே விடுங்கள், ஓரமாகத் தள்ளி அல்ல. கூட வருபவரும் பக்கத்தில் இருக்கத்தானே வேண்டும்.

பூவரசு எழுதியது:

அண்ணா, மான் கேள்விக்குப் பதில் சொல்றேன். மான் விடாது. கோட்டைப் பக்கத்திலிருந்து காலையும் பின்னேரமும் தெருவுக்குள் வரும் புள்ளிமானுக்குச் செவ்வரத்தை, ரோசா, குரோட்டன், பசளி எல்லாம் ஒரே இரவுச் சாப்பாடு. பால் வடியும், கசக்கும், மணக்கும் செடிதான் தாங்கும். நித்தியகல்யாணி, கற்றாழை, மருள், நொச்சி இவை பொதுவாகத் தப்பும். உப்புக் காற்றும் கச்சான் (தென்மேற்குக் காற்று) வெப்பமும் சேர்ந்து அடித்தாலும் இந்த நாலும் நிற்கும். அலரி வேண்டாம், இலை தொடக்கம் தண்டு வரை நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம். கொடி வேண்டுமென்றால் அடம்பன் கொடி, கடற்கரை மண்ணிலேயே வளருவது, வளையத்தின் விளிம்பால் இறங்கி அழகாகத் தொங்கும். மான் கடித்தாலும் திரும்பத் தளிர்க்கும். நட்ட முதல் இரண்டு மாதம் கோழி வலை சுற்றிவிட்டால் வேர் பிடித்துவிடும். வளையமும் செடியும் சேர்ந்து ஒரு மீற்றருக்கு மேல் போகாமல் வெட்டுங்க, ஓட்டுறவருக்கு உள்ளே இருக்கும் பிள்ளை தெரிய வேணும்.

குப்பைத் தொட்டி வைத்தால் மூடி வையுங்க. சாப்பாடு சுற்றின பொலித்தீனை மான் தின்னும், அது வயிற்றுக்குள் சுருண்டு செத்துப் போகும். மூடி பூட்டாத தொட்டி வைப்பதைவிட வைக்காமல் விடுவது நல்லது.

இதைவிடப் பெரிய விசயம் டெங்கு. மேடைக்குக் கீழே தேங்கும் தண்ணீர், செடிச் சட்டியின் கீழ்த்தட்டு, மூடாத இரும்புக் குழாயின் வாய், வளையத்துக்குள் சரிந்த பொலித்தீன், இவ்வளவும் நுளம்புக்குப் போதும். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள். ஆகவே கிழமைக்கு ஒருக்கால், நாள் குறித்து, கேர்ப்போரப் பலகையைத் தூக்கிப் பார்த்து, கம்பித் தும்புத்தடியால் இழுத்து எடுக்க வேணும். சட்டிக்குத் தட்டே வைக்காதீங்க. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைக் கட்டுறதுக்கு முதலே கூப்பிட்டுக் காட்டுங்க. கட்டின பிறகு அவர் வந்து பார்த்தால் ‘அகற்று’ என்றுதான் எழுதுவார், முதலில் பார்த்தால் எங்கே சரிவு வைக்க வேணும் என்று சொல்லித் தருவார்.

வாகை மரத்துக்குக் கீழே என்றால் காக்கை எச்சமும் கணக்கில் எடுங்க. கிளைக்கு நேர் கீழே வாங்கில் வேண்டாம், நிழல் நகரும் பக்கம் இரண்டு மீற்றர் தள்ளி வையுங்க.

குறுக்குத்தெரு எழுதியது:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. கேர்ப்பை ஐந்து இடத்தில் அளந்தோம்: 14, 13, 13, 11, 9 செ.மீ. ஒரு முனையில் கார்பெட் ஏறித்தான் கிடக்கிறது. 9 செ.மீ. பக்கம் மேடை அடங்குமா?

இன்னும் இரண்டு கேள்வி. காலையில் வெயில் நேரே விழுகிறது, தகரக் கூரை போடலாமா? சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் கோயில் சுவாமி நகர்வலமும் நவராத்திரிக்குக் கும்ப ஊர்வலமும் இந்தப் பக்கத்தால் வந்தால் எப்படி எடுப்பது?

வெல்டிங்_பட்டறை எழுதியது:

9 செ.மீ. பக்கம் அடங்காது. சட்டமும் பலகையும் 7.5, கேர்ப்போரம் ஒன்றரை செ.மீ. தான் மிஞ்சும், ஒரு மழைக்கே அடைக்கும். வெளி விளிம்பில் சட்டம் தாரில் முட்டும். பாரை 40க்கு மாற்றினாலும் ஒரு செ.மீ. தான் கிடைக்கும், அதற்காகப் பலத்தை விடாதீங்க. மேடையை 14, 13, 13 உள்ள பக்கம் தள்ளி, ஐந்து துண்டை நாலாகக் குறையுங்க. 6 மீற்றர் வரும். 13 இல் வெளி விளிம்புக்கு 3 செ.மீ. தான் தேறும், 2 செ.மீ. தூக்கின பிறகும். அதனால் நட்டைப் பக்கவாட்டில் ஒட்டுவது இப்போது கட்டாயம், ரப்பரும் 8 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மிச்சம் வரும் 1.5 மீற்றரைத் தார் மட்டத்திலேயே விட்டு, சைக்கிள் நிறுத்த இரண்டு குழாய் வளைவு வையுங்க.

தகரக் கூரை போடாதீங்க. காற்று மணிக்கு 72 கிலோமீற்றரில் அடித்தால் சதுர மீற்றருக்கு 25 கிலோ அழுத்தம். 6 மீற்றருக்கு 2 மீற்றர் கூரை 12 சதுர மீற்றர், 300 கிலோ. உள்ளால் புகுந்து தூக்கும்போது அதைவிடக் கூடும். உங்கள் நாலு துண்டும் சேர்த்தே 440 கிலோ, தாரில் போல்ட்டும் இல்லை. தூக்காவிட்டாலும் கவிழ்க்கும். கச்சான் காலத்திலேயே கவலை, 2020 மார்கழியில் புரவிப் புயல் கரை ஏறினது இந்தப் பக்கம்தான் என்பதையும் நினையுங்க. நிழல் வேணுமென்றால் மடக்குற குடை, குடைக்குத் தனியாக 50 கிலோக் கொங்கிறீற் அடி, கடை பூட்டும்போது குடையும் உள்ளே.

வீதி_அளவு எழுதியது:

நகர்வலம், கும்பம் வரும் பாதையா என்று கோயில் பரிபாலன சபையிடம் முதலே கேளுங்கோ. வந்தால் அனுமதிக் கடிதத்திலேயே ‘இந்த நாட்களில் அகற்றப்படும்’ என்று எழுதிவிடுங்கோ, பிறகு யாரும் மனம் நோக வேண்டியதில்லை.

எடுக்கிற முறை: துண்டுக்குத் துண்டு 12 மி.மீ. போல்ட் இரண்டு, நாலு துண்டுக்கு மொத்தம் ஆறு. போல்ட் தலை மேலே தெரியாமல் கழற்றும் பலகைக்குக் கீழே இருக்கட்டும், தெரிந்தால் களவு போகும். பிரித்த பிறகு 110 கிலோத் துண்டை ஆறு பேர் தூக்கலாம். சட்டத்தின் நாலு மூலையிலும் கயிறு கோர்க்க வளையம் ஒட்டி வைத்தால் இரண்டு பனங்கம்பைச் செருகித் தோளில் எடுக்கலாம், கை நசியாது. துண்டுகளுக்கு 1 முதல் 4 வரை இலக்கம் அடித்து வையுங்கோ. கால்களின் உயரம் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு, மாற்றி வைத்தால் நாலு துண்டும் திரும்ப ஆடும்.

கிணற்று வளையத்துக்குள் நேரே மண் நிரப்பாதீர்கள். மண்ணும் வளையமும் சேர்ந்து அரைத் தொன் வரும், கிரேன் லொறி இல்லாமல் அசையாது. அடியில் நாலு மணல் மூட்டை, மேலே சட்டிச் செடி. கார் மெல்ல இடித்தால் மணல் மூட்டையின் பாரம் தாங்கும். எடுக்க வேண்டிய நாளில் மூட்டையை இறக்கிவிட்டு இரண்டு பேர் வளையத்தை உருட்டிக்கொண்டு போகலாம். கேர்ப்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி வையுங்கோ, அந்த இடைவெளியிலும் தண்ணீர் ஓட வேணும்.